பெரம்பூர், எப்படி இருக்கீங்க!

மலை கிடையாது, ஆற்றங்கரை கிடையாது. பெரம்பூரில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. அதில் இரண்டாவது மாடியில் ஒரு குரு இருந்தார். அவருக்குக் கீழே, முதல் மாடியில், நான் இருந்தேன். குருவுக்குக் கீழே குடியிருப்பது என்றால் என்னவென்று குடியிருந்து பார்த்தால்தான் தெரியும்.

அவர் பெயர் தவமணி. கிடார் சொல்லித் தருகிறவர். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். தாடி உண்டு. பேச்சு குறைவு, ஆனால் பேசினால் மூன்று மாடிக்கும் கேட்கும். கேட்ட கேள்விக்குப் பாதி நேரம் பதில் வராது, ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு படி இறங்கும் சிஷ்யர்கள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வீட்டு டிவி அலறும் அலறலில், செய்தி கேட்க நான் என் வீட்டு டிவியைப் போடவே வேண்டாம். இந்த லட்சணத்தில் ஊரில் அவருக்குப் பெயர் 'அமைதி மாஸ்டர்'.

ஒரு நாள் சாயங்காலம் அவரைத் தேடிக் கலி வந்தான்.

கலி என்றால் கலியமூர்த்தி, நெல்லிக்குப்பத்துக்காரன். 'உலைக்களம்' என்ற ராக் குழுவின் பாடகன். பாடகன் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். கழுத்து நரம்பு புடைக்க, "உடைத்தெறி! உடைத்தெறி!" என்று கத்துவான். கீழே காலேஜ் பிள்ளைகள் குதிப்பார்கள். பல்லவி வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவான். கூட்டம் பாடும், இவன் தண்ணீர் குடிப்பான்.

அந்தக் குழுவில் பதினாலு வருஷம் அவனுக்கு வலது பக்கத்தில் நின்று பேஸ் கிடார் வாசித்தவர்தான் நம் மாஸ்டர். "தவம், வால்யூமைக் குறைடா!" என்பது மேடைக்கு மேடை கலி அவருக்குத் தந்த ஆசீர்வாதம். ஒரு நாள் மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் விலகிவிட்டார். ஏன் என்று கலி விசாரிக்கவில்லை. வேறு ஆளைப் போட்டுக்கொண்டான்.

இப்போது கலியின் தொண்டையில் முடிச்சு. இனிமேல் கத்தினால் குரல் அடியோடு போய்விடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மெதுவாகப் பேசலாம், மெதுவாகப் பாடலாம், அவ்வளவுதான். குழு கலைந்தது. பண்ருட்டியில் அவன் மச்சான் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். கல்லாவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள் என்று தினமும் போன். கலிக்கு டைல்ஸ் என்றாலே ஆகாது. ஒரே ஒரு சாதா கிடாரை வைத்துக்கொண்டு, தனி ஆளாக, மென்மையான பாட்டுகள் பாடிப் பிழைத்துவிடலாம் என்று ஒரு நிகழ்ச்சிக்கு ஒத்துக்கொண்டுவிட்டான். சனிக்கிழமை. ஓடினால் பாட்டு, ஓடாவிட்டால் டைல்ஸ்.

ஒத்துக்கொண்ட பிறகுதான் பயம் பிடித்தது. பதினாலு வருஷம் யாரை வால்யூமைக் குறைக்கச் சொல்லித் திட்டினானோ, அவர் காலிலேயே வந்து விழுந்தான்.

அந்த நேரம் நானும் அங்கே இருந்தேன். தண்ணீர் மோட்டார் விஷயமாக மேலே ஏறிப் போயிருந்தேன்.

"மாஸ்டர், எப்படி இருக்கீங்க!" என்று கேட்டுக்கொண்டே வந்தான் கலி.

மாஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் இவன் தரையில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தான். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார்.

எழுந்து, அவருக்கு இடது பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தான். மேடையில் நின்ற பழக்கம். டிவியில், வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று அலறிக்கொண்டிருந்தது. டாக்டர் அனுமதித்த குரலில், உதடு அசைந்ததா என்று சந்தேகப்படும்படி, கலி கேட்டான்.

"மாஸ்டர், சத்தம் போடாம பாடினா என் பாட்டை யாரு காது குடுத்துக் கேப்பாங்க?"

மாஸ்டர் டிவியைப் பார்த்தார். பிறகு திரும்பி, கலியைப் பார்த்துச் சிரித்தார்.

கலியின் கண் கலங்கிவிட்டது. "புரியுது மாஸ்டர்," என்றான்.

என்ன புரிந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம்.

"அப்போ நான் பாடறதா, இல்லே டைல்ஸ் கடைக்கே போயிடறதா?"

மறுபடியும் அதே சிரிப்பு. எனக்குப் பொறுக்கவில்லை. மோட்டாரை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்து, சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினேன். நான் நொண்டுவதையே மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு கலியிடம், "கீழ் வீட்டு சார் எப்படி இருக்கார்னு கேட்டுட்டு வா," என்றாராம்.

கலிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டதாம். கேட்டது ஒன்று, குரு காட்டுவது வேறொரு வழி! இதெல்லாம் பின்னால் அவனே என்னிடம் சொன்னது.

மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வாசலில் காலை அகட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கலி நின்றிருந்தான்.

"எப்படி இருக்கீங்க!"

"வாங்க தம்பி. அது என்னன்னா..." என்று தொடங்கினேன்.

அவன் இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போய்விட்டான்.

மேலே மாஸ்டரின் குரல் கேட்டது. "என்ன சொன்னார்?"

கலியின் பதில் எனக்குக் கேட்கவில்லை.

"என்ன சொன்னார்ப்பா?"

அப்போதும் கேட்கவில்லை.

"சரி, திரும்பப் போய்க் கேட்டுட்டு வா."

மறுபடியும் மணி. மறுபடியும் "எப்படி இருக்கீங்க!" இந்தத் தடவை ஓடவில்லை. கையை மூடி என் பக்கம் நீட்டினான். ஏதோ கோயில் விபூதி தருகிறான் போல என்று நானும் கையை ஏந்தினேன். அவன் கையில் ஒன்றும் இல்லை. அதை அப்படியே என் வாய்க்கு நேராகத் தூக்கி, "பாடுங்க!" என்றான்.

"என்ன பாட?"

அவனே திடுக்கிட்டுப் போனான். தன் கையைத் தானே பார்த்துக்கொண்டான். "மன்னிச்சுக்கங்க சார், கை தன்னால வந்துடுது," என்று சொல்லி மேலே போய்விட்டான்.

"யாருங்க அது?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி திலகா கேட்டாள்.

"மேல் வீட்டு சிஷ்யன். நான் எப்படி இருக்கேன்னு விசாரிச்சிட்டுப் போறான்."

"சொன்னீங்களா?"

"எங்கே சொல்ல விட்டான்?"

"நல்லா இருக்கு. என்கிட்டே தினம் மூணு வேளை சொல்றீங்க. வலிய வந்து ஒருத்தன் கேக்கறான், அவன்கிட்டே சொல்லியிருந்தா எனக்கு ஒரு வேளையாவது மிச்சமாகியிருக்கும்."

மறுநாள் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். கால் அகட்டவில்லை. கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டான். "எப்படி இருக்கீங்க சார்?" என்று மெதுவாகவே கேட்டான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"இடது முழங்கால்தான் தம்பி. ஏறும்போது ஒண்ணுமில்லை. இறங்கும்போது உள்ளே ஏதோ நழுவற மாதிரி. மார்கழியிலேர்ந்து..."

தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் கால் தரையில் தட்ட ஆரம்பித்தது. என் முழங்கால் கதையில் அவனுக்கு ஏதோ தாளம் கிடைத்துவிட்டது போல. நான் மார்கழியைத் தாண்டி டாக்டரிடம் வருவதற்குள் இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

"நன்றி பெரம்பூர்! லவ் யூ!"

போய்விட்டான். கதவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். வந்த தும்மல் வராமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அவன் மேல் எனக்கு ஒரு தீராத கோபம் வந்துவிட்டது.

சனிக்கிழமை வந்தது. மாஸ்டர் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் கொடுத்திருந்தார். "நான் வரலை," என்றேன். "நான் போறேன், நீங்க முழங்காலோட பேசிட்டு இருங்க," என்றாள் திலகா. கிளம்பிவிட்டேன்.

ஒரு காபிக்கடையின் மாடி. போடப்பட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதிக்கு ஆள் இருந்தது. கடைக்காரம்மா ஜெசிந்தா சுவரோரமாக நின்று ஆட்களை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் முதல் வரிசை. மாஸ்டர் கடைசி வரிசையில் போய்த் தனியாக உட்கார்ந்தார். முன்னால் தரையில் ஒரு முக்காலி, ஒரு கிடார், ஒரு மைக்.

கலி ஓடி வந்தான். அவன் ஓடிப் பழகிய மேடைகள் கல்யாண மண்டபம் அகலம். இங்கே ஐந்தடி. முக்காலியில் இடித்துக்கொண்டு நின்றான். வலித்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. மைக்கைப் பிடுங்கினான். டாக்டர் சொன்னது, ஒரு வாரப் பயிற்சி, எல்லாம் பறந்துவிட்டது.

"பெரம்பூர்! எப்படி இருக்கீங்க!"

ஒரு சத்தம் இல்லை. யாரோ காபியைக் கலக்கினார்கள். கரண்டி கப்பில் படுவது கேட்டது.

கலியின் முகம் வெளிறியது. அந்த முகத்தில் நான் டைல்ஸைப் பார்த்தேன். பளபளவென்று, வரிசை வரிசையாக, சாகும்வரை.

அவன்மேல் இருந்த இரக்கமா, என் கோபமா, தெரியாது. எழுந்து நின்றேன்.

"இடது முழங்கால்தான் தம்பி, சரியில்லை."

சிரிப்பு வெடித்தது. "ஐயோ, உக்காருங்களேன்!" என்று திலகா சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்காரவா அத்தனை படி ஏறி வந்தேன்?

கலி வாயைத் திறந்தபடி நின்றான். எத்தனை ஊரில், எத்தனை ஆயிரம் பேரிடம் இதே கேள்வியைக் கேட்டிருப்பான். 'ஓ' என்று இரைச்சல் வரும். அதில் ஒருத்தர் முழங்காலும் காதில் விழாது. இன்றைக்கு விழுந்துவிட்டது. என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மைக்கை இறக்கினான்.

"அப்புறம் சார்?" என்றான்.

விடுவேனா? சொன்னேன். மார்கழியைச் சொன்னேன், டாக்டரைச் சொன்னேன், படி ஏறக்கூடாது என்று அவர் சொன்னதையும், இன்றைக்கு இவனுக்காக ஏறியதையும் சொன்னேன். பின்னால் ஒரு அம்மா, "கற்பூராதித் தைலம் தடவிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தாயிற்று என்று அவருக்கும் பதில் சொன்னேன்.

"வலியோட படுத்தா தூக்கமும் வராது தம்பி. மேல் வீட்டு டிவி வேற. மாஸ்டரைக் குத்தம் சொல்லலை. பாவம், அவருக்கு இடது காது சுத்தமாக் கேக்காது. வலது காது முக்கால்தான். அதனால நானும் வாயைத் திறக்கறதில்லை."

"யாருக்குக் கேக்காது?"

"உங்க மாஸ்டருக்குத்தான்."

கலி என் பக்கம் இரண்டு அடி வந்தான். "எப்போலேர்ந்து?"

"மேடையிலே வாசிச்ச காலத்திலேர்ந்தாம். இடது பக்கத்திலே பெரிசா ஏதோ ஸ்பீக்கர் வெச்சிருந்தாங்களாம். கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுச்சாம்."

"உங்ககிட்டே அவரே சொன்னாரா?"

"டிவிக்காகச் சண்டை போடத்தான் ஒரு நாள் மேலே போனேன். ஏன் சார் இவ்வளவு சத்தம்னேன். உக்கார வெச்சுச் சொன்னார். காபி குடிச்சிட்டு வந்துட்டேன்."

கலி கடைசி வரிசையைப் பார்த்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். இங்கே பேசியதில் ஒரு வார்த்தைகூட மாஸ்டர் காதில் விழுந்திருக்காது. எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். சிரித்தார்.

அதே சிரிப்பு. இந்தத் தடவை கலிக்கு உடம்பு சிலிர்க்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

ரொம்ப நேரம் அப்படியே இருந்தான். நிகழ்ச்சி முடிந்துவிட்டதோ என்று ஜெசிந்தா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். அவன் குடிக்கவில்லை. எழுந்தான். முக்காலியையும் கிடாரையும் ஸ்டாண்டோடு மைக்கையும் தூக்கிக்கொண்டு எங்களையெல்லாம் தாண்டிப் போய், கடைசி வரிசைக்கு வலது பக்கத்து மூலையில் போட்டான். மாஸ்டரின் வலது காதுக்கு நேராக. நாற்காலிகளைக் கரகரவென்று இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டோம். முதல் வரிசையில் இருந்த நான் இப்போது கடைசி வரிசை. முழங்காலைப் பற்றி அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

கலி பாடினான்.

பெரிய குரல் என்று சொல்லமாட்டேன். கத்திக் கத்தித் தேய்ந்த தொண்டை. ஓரமெல்லாம் சொரசொரப்பு. ஆனால் அடக்கிப் பாடினான். பிழைத்துக்கொள்வான் போலிருக்கிறதே என்று நான் நினைக்கும்போது பல்லவி வந்தது. கிடாரை நிறுத்தினான். மைக்கைக் கழற்றினான். கையை நீட்டினான். கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

புதுப் பாட்டு. யாருக்குத் தெரியும்? மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது.

கண்ணைத் திறந்தான். நீட்டிய கை அப்படியே நின்றது. ஐயோ பாவி, கையை மடக்கேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். மூவாயிரம் பேர் பல்லவி பாடிக் கொடுத்தவனுக்கு இன்றைக்குப் பாட நாதியில்லை. அவன் மைக்கைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான். மெல்ல மைக்கைத் திருப்பித் தன் வாய்க்குக் கொண்டுவந்தான்.

"நான் இங்கேதான் இருக்கேன்," என்று பாடினான். அவ்வளவுதான் பல்லவி. இரண்டாவது வார்த்தையில் குரல் உடைந்தது. மறைக்கவில்லை. உடைந்த இடத்திலிருந்தே மறுபடியும் எடுத்துப் பாடினான்.

திலகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள். மாஸ்டர் வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, முக்காலியின் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாட்டு முடியும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.

எல்லாம் முடிந்ததும் ஜெசிந்தா கலியிடம் வந்தாள்.

"அடுத்த மாசமும் நீங்கதான் சார் வரணும். போன மாசம் ஒரு குழு வந்தது. பக்கத்து வீட்டுக்காரங்க போலீசைக் கூப்பிட்டுட்டாங்க. உங்களுக்கெல்லாம் யாரும் கூப்பிட மாட்டாங்க."

போலீஸ் வந்தால்தான் வெற்றி என்று வாழ்ந்தவன் கலி. இது பாராட்டா இல்லையா என்று ஒரு நிமிஷம் விழித்தான். பிறகு பண்ருட்டிக்குப் போன் போட்டு, கல்லா நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்று மச்சானிடம் சொன்னான்.

கூட்டம் போய்விட்டது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஆட்டோவுக்காக ஜன்னலோரம் காத்திருந்தோம். மாஸ்டர் இருந்த இடத்திலேயே இருந்தார். கலி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு இடது பக்கத்தில் போட்டான். உட்காரப் போனவன் நின்றான். நாற்காலியை மறுபடி தூக்கிச் சுற்றிப் போய், வலது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"அன்னிக்கு வந்து ஏதோ கேட்டியேப்பா," என்றார் மாஸ்டர். "டிவி சத்தத்திலே விழலை. என்னது அது?"

"அது கிடக்குது."

பிறகு மாஸ்டரும் இல்லை, நீங்களும் இல்லை, பழைய பேச்சே வந்தது.

"தவம், எப்படிடா இருக்கே?"

கேட்டுவிட்டு எழுந்திருக்கவில்லை. கால் தரையில் தட்டவில்லை. கை இரண்டும் அவன் மடியிலேயே இருந்தன.

கீழே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. திலகா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, போகச் சொல்லிவிட்டாள்.

மாஸ்டர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. கலி பார்த்துக்கொண்டே இருந்தான். சிரிப்பு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"கொஞ்சம் நேரமாகும்டா," என்றார் மாஸ்டர். "பரவாயில்லையா?"